மூன்று றாத்தல் குதிரை

கைத்துப்பாக்கிக்குக் குதிரை மாற்றிக் கொடுக்கிற கடையில் வாடிக்கையாளர் சொல்வது எப்போதும் சரி. அவர் சுட்டது மட்டும்தான் பிழை.

குதிரை என்றதும் நாலு கால் குதிரையை நினைக்காதீர்கள். துப்பாக்கியின் வயிற்றுக்குக் கீழே வளைந்து நிற்கிற சின்னத் துண்டு, விரலை வைத்து இழுக்கிறோமே, அதைச் சொல்கிறேன். அகராதிக்காரர் விசை என்பார்கள். எங்கள் பக்கத்தில் குதிரை என்றுதான் சொல்லி வளர்ந்தோம். தொழிற்சாலையில் இருந்து வருகிற குதிரை கொஞ்சம் பாரமாக இருக்கும், கொஞ்சம் கரகரக்கும். அது பிடிக்காதவர்கள் வேறு கொம்பனிகள் செய்கிற குதிரையை வாங்கிப் போடுவார்கள். பாரம் குறைந்தது, ஓட்டம் குறைந்தது, வளைந்தது, தட்டையானது, சிவப்புப் பூச்சுப் பூசினது என்று கண்ணாடிப் பெட்டி நிறையக் கிடக்கும். அதில் ஒன்றைத் தெரிவு செய்ய உதவுவதுதான் மொன்றியலுக்கு அக்கரையில், லொங்கேயில் ஒரு கடையில் சில வருடம் எனக்கு வேலை. கடையின் முன்பாதி தூண்டில், சப்பாத்து, கூடாரம். பின்பாதி துவக்கு, அதாவது துப்பாக்கி. நான் தூண்டில் தொங்கவிடத்தான் சேர்ந்தேன். பின்பாதியில் நின்றவன் ஒருநாள் கோபித்துக்கொண்டு போக, முதலாளி ரெஜான் எனக்கு வேண்டிய அனுமதியெல்லாம் எடுப்பித்து என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். அவன் ஏன் கோபித்தான் என்று எனக்கு விளங்க அதிக நாள் எடுக்கவில்லை.

கௌண்டருக்குப் பின்னால் நின்று கால் உளைந்தவர்களே, அலுமாரி முழுவதையும் இறக்கி விரித்துக் காட்டிவிட்டு "பேந்து வாறன்", பிறகு வருகிறேன், என்ற பதிலைக் கேட்டவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களிடம் சேலை வாங்கினவர் அதைக் கட்டிக்கொண்டு போனால் நாலு பேராவது பார்ப்பார்கள். என்னிடம் வாங்கின குதிரையை யார் பார்க்கப் போகிறார்கள்? அதற்குத்தான் இவ்வளவு பாடு.

மூன்று புத்தகம்

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் 'லிவ்ர்' என்றால் புத்தகம் என்று படிப்பித்தார்கள். அதை நம்பித்தான் பின்பாதிக்குப் போனேன். முதல் வாடிக்கையாளர் பெரிய உடம்புக்காரர். கௌண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, தனக்கு மூன்று லிவ்ர் வேண்டும் என்றார். நான் மரியாதையாகக் கொம்பனிப் புத்தகம் மூன்றை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்று பாரமாக இருக்குமோ, இரண்டரை இருக்கிறதா என்று கேட்டார். மொத்தமான புத்தகத்தை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்று வைத்தேன். அரைப் புத்தகத்துக்கு எங்கே போவது, கிழித்துக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ரெஜான் ஓடி வந்தார்.

லிவ்ர் என்றால் றாத்தலாம். ஊரில் ஒரு றாத்தல் பாண் வாங்கினோமே, அந்த றாத்தல், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. குதிரையை இழுக்க எத்தனை றாத்தல் பலம் வேண்டும் என்பதுதான் கணக்கு. அன்றையில் இருந்து என் தலைக்குள் எல்லாம் றாத்தல்தான். மூன்று றாத்தல் குதிரை, நாலு றாத்தல் குதிரை. வீட்டிலும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்கிறேன். பெரிய உடம்புக்காரர் கோபிக்கவில்லை. மூன்று புத்தகத்தையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகும்போது சொன்னார்: "பரவாயில்லை, துவக்குக் கடையில ஒருத்தராவது வாசிக்கச் சொல்லுறாரே."

லொங்கேய்க்காரர் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்களே என்று கேட்காதீர்கள். அவர்கள் பேசினது பிரெஞ்சு. என் காதுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஓய்வு நிலையம்

கியூபெக்கில் குதிரைக்குச் சாதாரண சனம் ஒரு சொல் சொல்லும், படித்த சனம் வேறு சொல் சொல்லும். படித்த சொல் 'தெத்தோந்த்'. ரெஜானுக்கு மொழியில் பிடிவாதம். மஞ்சள் பக்கப் புத்தகத்தில் கடையின் பெயருக்குக் கீழே 'தெத்தோந்த் நிபுணர்கள்' என்று பெரிய எழுத்தில் போடுவித்தார். அதே சொல்லுக்கு ஓய்வு, உடம்பை இளகவிடுதல் என்றும் பொருள் என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. விளம்பரம் பார்த்த பெண்மணிக்கோ குதிரை என்ற பொருள் தெரியாது.

தொலைபேசியில் வந்தவர் களைத்த குரலில், தெத்தோந்த் நிபுணர்தானே, தனக்கு உடனே வேண்டும், முதுகும் தோளும் இறுகிப்போயிருக்கிறது என்றார். பாரமான குதிரையை இழுத்து இழுத்துத் தோள் பிடித்துவிட்டது என்று நான் விளங்கிக்கொண்டேன். நாங்கள் எல்லாம் இலகுவாக்கித் தருவோம் என்று தைரியம் சொன்னேன். பிறகு, எழுதிப் பழகின கேள்வியை அப்படியே கேட்டேன்: இப்போது எத்தனை றாத்தல், எத்தனை றாத்தலுக்குக் குறைக்க விருப்பம்?    "ஒரு பொம்பிளையைப் பாத்துக் கேக்கிற கேள்வியே இது?" என்றுவிட்டு வைத்தார்.

விரல்

ஒருவர் கிழமைக்குக் கிழமை தான் குறி வைத்துச் சுட்ட கடதாசியைச் சுருட்டிக்கொண்டு வருவார். கடதாசியின் நடுவில் கறுப்பு வட்டம் புத்தம் புதிதாக இருக்கும். இடது பக்கத்து மூலையில் சல்லடை மாதிரி ஓட்டைகள். கையால் இறுக்கி வெடுக்கென்று இழுத்தால் அப்படித்தான் போகும். மெல்ல இழுக்கப் பழகினால் சரி. இதை நான் சொன்னால் அவருக்கு மூக்கு விடைக்கும். இணையத்தில் வாசித்ததை அச்சடித்துக்கொண்டு வந்து கௌண்டரில் பரப்பி, "இந்த ஆள் சொல்லுறார் குதிரையிலதான் பிழையாம்" என்பார். அந்த ஆள் யார் என்று கேட்டால் தெரியாது. புனைபெயரில் எழுதுகிறவராம்.

முதலில் பாரம் குறைந்தது போட்டார். ஓட்டைகள் அதே மூலையில். பிறகு தட்டையானது போட்டார். அதே மூலை. பிறகு சிவப்புப் பூச்சுப் பூசினது. அதைப் போட்டபின் வட்டத்துக்குள் ஒன்று விழுந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எனக்குக் கை தந்தார். உற்றுப் பார்த்தேன். அது கடதாசியைச் சுவரில் குத்தின ஊசியின் ஓட்டை. சொல்வதா விடுவதா என்று நான் தத்தளிக்க, பின்னால் நின்ற ரெஜான் அமைதியாகச் சொன்னார்: "முசியே, எங்களிட்ட எல்லாம் இருக்கு. விரல் மாத்துற கொம்பனி மட்டும் இன்னும் தொடங்கேல்லை."

முன்பாதி

இவ்வளவும் சிரிப்புக்குச் சரி. வீட்டில் இந்த வேலையால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தங்கை ஜெசி எங்களோடுதான் இருந்தாள். கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலை. அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையை வீட்டில் ராசன் என்று கூப்பிடுவார்கள். மன்னார்ப் பக்கம், எங்களைப் போல வேதக்காரர், கத்தோலிக்கர். சின்ன வயதிலேயே தாயோடு இங்கே வந்து, இப்போது கம்பியூட்டர் வேலை, மொன்றியலின் மேற்குப் பக்கம், பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய தாயும் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவி பிலோ இறைச்சி வைத்து றோல்ஸ் பொரித்திருந்தாள். ராசன் தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். ஜெசி ஏற்கெனவே துடைத்த மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். எனக்கு அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

தாய் திரேசா அன்ரி அமைதியான மனுசி. ராசனின் தகப்பன் ஊரில் துவக்குச் சூட்டில் போனவர். கியூபெக்கின் சென்-ஜான் பெருநாளுக்கு வாணம் விடுகிற சத்தத்துக்கே யன்னல் எல்லாம் பூட்டிப்போட்டு நடு விறாந்தையில் போய் இருப்பாவாம். அதை அவவே சிரித்துக்கொண்டு சொன்னா. சொல்லி முடித்த கையோடு, "தம்பிக்கு எங்க வேலை?" என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முதல் பிலோ முந்திவிட்டாள். "மீன்பிடிச் சாமான் கடையில, அன்ரி."

பொய் என்று சொல்ல முடியாது. கடையின் முன்பாதி அதுதானே. அந்த மனுசிக்கு முன்னால் நான் துவக்குச் சாமான் விற்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னாலும், தமிழன் ஒருத்தனுக்குத் துவக்குக் கடையில் என்ன அலுவல், ஆருக்கு வாங்குகிறான் என்ற கதை எனக்கு முன்னமே பஸ் பிடித்து மொன்றியல் தீவு முழுக்கப் போயிருக்கும். அவர்கள் போனபின் ஜெசி என்னைக் குசினிக்குள் மறித்துச் சொன்னாள்: "அண்ணை, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. உங்கட குதிரையால இது குழம்பிச்சுதெண்டா நான் உங்களோட கதைக்கவே மாட்டன்."

போர் நாட்டு ஆள்

மீசையை முறுக்கிவிட்ட ஒருவர், நான் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அங்க சண்டையெல்லோ! அப்ப நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். சண்டையில் எந்தக் குதிரை நல்லது, வளைந்ததா தட்டையானதா என்று என்னிடம் கேட்டார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. நாங்கள் சண்டையைப் பார்த்தது பங்கருக்குள் இருந்துதான், குதிரையை இழுத்தவன் யார் என்று ஒரு நாளும் கண்டதில்லை, அவன் எத்தனை றாத்தலில் இழுத்தான் என்று கேட்கவும் எங்களுக்கு வசதிப்படவில்லை என்றேன். இந்தக் கடைக்கு வருமட்டும் துவக்கைக் கையால் தொட்டதே இல்லை என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன், முன்பாதியில் சப்பாத்துப் போட்டுப் பார்த்தவர்களும் திரும்பினார்கள். மீசைக்காரர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஏமாந்துபோன முகத்தோடு கதிரையை விட்டு எழும்பி ரெஜானிடம் போனார். "அனுபவம் உள்ள ஆள் வேற ஆரும் இல்லையோ?"

ஜெரோம்

இவர் என் ஆயுளைக் குறைத்தவர். கடைக்கு வரமாட்டார். மத்தியானம் நான் சோற்றுப் பெட்டியைத் திறக்கிற நேரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பார். நல்ல கியூபெக் பிரெஞ்சு, மூக்காலும் தொண்டையாலும் சேர்ந்து வருகிறது. வீட்டில் நான் அன்ரன், கடையில் அந்துவான். "போன்ஜூர் முசியே அந்துவான், ஜெரோம் பேசுறன்" என்றதும் என் சோறு ஆறத் தொடங்கும். அவருக்கு ஒரு குதிரை வேண்டும். என்ன குதிரை என்றுதான் தெரியாது. தட்டையானதென்றால் விரல் வழுக்குமா? வளைந்ததென்றால் இறுகுமா? மூன்று றாத்தல் என்று முடிவெடுப்பார். அடுத்த கிழமை, பாரம் கூடினால் தவறுதலாக வெடிக்காது, மூன்றரை பாதுகாப்பு அல்லவா என்பார். அதற்கு அடுத்த கிழமை, இருக்கிறதையே வைத்திருந்தால் என்ன என்பார்.

ஒருநாள், குதிரையை இழுத்து விடுகிற சத்தத்தைத் தொலைபேசியில் கேட்கலாமா என்று கேட்டார். ரெஜான் எந்த வாடிக்கையாளரையும் இழக்கவிட மாட்டார். காட்சிக்கு வைத்த வெறும் துப்பாக்கியைச் சங்கிலியோடு எடுத்து, ரிசீவரை அதன் வாயில் பிடித்து, 'டிக்' என்று இழுத்தேன். அடுத்தது, 'டிக்'. எனக்கு எல்லாம் ஒரே 'டிக்'. அவர் நிறைய நேரம் யோசித்துவிட்டு, முதலில் கேட்டது நல்லாயிருந்த மாதிரிக் கிடக்கிறது, அதைத் திரும்பக் கேட்கலாமா என்றார். எது முதலாவது என்று எனக்கே மறந்துபோச்சு. கையில் அகப்பட்டதை இழுத்தேன். அவருக்கு நல்ல திருப்தி. "முசியே அந்துவான், நீங்கள் போர்த்துக்கீசரா?" என்று கேட்டார். "எங்கட வேலையிடத்தில ஒரு போர்த்துக்கீசர் இருக்கிறார், அவருக்கும் இப்பிடித்தான் பொறுமை."

இறைச்சி

அந்த எரிச்சலோடுதான் அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனேன். பூசை முடிய மண்டபத்தில் தேத்தண்ணி தருவார்கள். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பிலோவிடம் கொட்டித் தீர்த்தேன். "மூண்டு றாத்தல் குதிரை கேக்கிறான். எடுத்து வைச்சா பாரமாம். ரெண்டரை றாத்தல் குதிரை இருக்கோ எண்டுறான். வெளிய இருந்து வாற குதிரை நல்லதோ, இஞ்ச இருக்கிற குதிரை நல்லதோ எண்டு ஒரு மணித்தியாலம். எனக்குக் குதிரையைக் கண்டாலே வயித்தைப் பிரட்டுது." பக்கத்துக் கதிரையில் திரேசா அன்ரியின் தங்கை, ராசனின் சித்தி, வாய்க்குக் கொண்டுபோன கேக்கைக் கீழே வைத்ததை நான் கவனிக்கவில்லை.

மொன்றியலில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே குதிரை இறைச்சி தின்பார்கள். பெரிய சாமான் கடைகளில் மாட்டிறைச்சிக்குப் பக்கத்திலேயே, வெள்ளைத் தட்டில் வைத்து மெல்லிய பொலித்தீன் சுற்றி இருக்கும். நம்மவர்கள் அந்தத் தட்டைக் கண்டால் வண்டிலைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். சித்திக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்திருக்கிறது.

பின்னேரம் திரேசா அன்ரி தொலைபேசி எடுத்தா. சுகம் விசாரித்தா, குளிரைப் பற்றிச் சொன்னா. பிறகு குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. அண்டைக்குத் தந்த றோல்ஸுக்குள்ள என்ன இறைச்சி?"

"ஆட்டிறைச்சி, அன்ரி. ஏன்?"

"இல்லை, நீங்கள் குதிரை இறைச்சிக் கடையில நிக்கிறியள் எண்டு தங்கச்சி சொல்லுறா. றாத்தல் கணக்கில வெட்டிக் குடுக்கிறியளாம்."

"ஐயோ அன்ரி, மாதாவாணை அப்பிடி ஒண்டும் இல்லை."

"அப்ப அந்தக் குதிரை என்ன, தம்பி?"

நான் என்ன சொல்ல? வாய்க்குள் சரியான பதில் இருந்தது. அதைத் துப்பினால் ஜெசியின் கலியாணம் முடிந்தது. விழுங்கினாலும் முடிந்தது.  அன்ரி கொஞ்சம் பார்த்துவிட்டு, "சரி, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டா. அதோடு பியர்பொன்ட்ஸில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜெசி சொன்னது போலவே என்னோடு கதைக்கவில்லை. சோற்றை முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள், அது திட்டு வாங்குவதைவிடப் பொல்லாதது. என்ன செய்யலாம் என்று பிலோவைக் கேட்டேன். அவள் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னாள்: "குதிரை வெட்டுறவர் எண்டாப் பரவாயில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு எண்டாலும் பொம்பிளை எடுப்பினம். துவக்கெண்டா எடுக்காயினம். இறைச்சி எண்டே இருக்கட்டும்."

பெரிய மீன்

சனிக்கிழமை நேரில் வந்து முடிவெடுக்கிறேன் என்று ஜெரோம் சொல்லியிருந்தார். அவருக்காகக் குதிரைகளைத் துணியில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தால், கதவைத் திறந்துகொண்டு ராசன் வருகிறார். தாய்தான் உளவு பார்க்க அனுப்பியிருக்கிறா என்று நினைத்தேன். குனிந்தபடியே முன்பாதிக்கு ஓடிப்போய் ஒரு தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைக் கண்டார். கண்டதும் பேயறைந்தது மாதிரி நின்று, அவரும் பக்கத்தில் இருந்த தூண்டில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அண்ணா... நீங்க வேலை செய்யிறது இங்கயா?"

"ஓம் தம்பி, மீன்பிடிச் சாமான்தானே. உமக்கு என்ன வேணும்?"

"தூண்டில்."

"என்ன மீனுக்கு?"

"பெரிய மீன்."

"எந்த ஆத்தில?"

"பெரிய ஆறு."

இரண்டு பேரும் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு இப்படி நிற்க, பின்பாதியில் இருந்து ரெஜான் கடை அதிரக் கூப்பிட்டார். "அந்துவான்! உன்ர ஜெரோம் இண்டைக்கு வாறதெண்டவர், ஆள் வந்திட்டாரோ?" ராசன் என்னைப் பார்த்தார். "முசியே அந்துவான்?" என்றார், அந்த மூக்குப் பிரெஞ்சில். என் கையில் இருந்த தூண்டில் கீழே விழுந்தது. ஞானஸ்நானப் பெயர் ஜெரோமாம், வீட்டில் யாரும் சொல்வதில்லையாம். இவ்வளவு நாளும் என் சோற்றை ஆறவைத்தவர் என் வீட்டில் றோல்ஸ் தின்ற மாப்பிள்ளை.

கௌண்டருக்குப் போய் இருந்து கதைத்தோம். சட்டப்படி அனுமதி எடுத்து, ஒரு கழகத்தில் சேர்ந்து சுடுகிறார். தாய்க்குப் பட்மின்ரன் விளையாடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏன் தம்பி உமக்கு இந்த வேலை என்று, அதே கௌண்டரில் நின்று சம்பளம் வாங்குகிற நான் கேட்டேன். "சின்னனில இருந்து அந்தச் சத்தத்துக்குப் பயம், அண்ணா. நானே இழுக்கேக்க எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியும். அதால பயம் இல்லை," என்றார்.  அவர்மேல் இருந்த எரிச்சல் முழுவதும் போகவில்லை, பாதி போய்விட்டது. குதிரை என்பது தூண்டிலில் ஒரு துண்டு, நான் அதைத்தான் மாற்றிக் கொடுக்கிறேன் என்று அவர் தாயிடம் சொல்வதாக முடிவெடுத்தோம். ஜெசிக்காகப் பொய் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறாரே என்று மனம் குளிர்ந்து, அடுக்கிவைத்த குதிரைகளைக் காட்டி, சரி, இதில் எது என்று கேட்டேன். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நீளமாக மூச்சு விட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அண்ணா. பேந்து வாறன்."

பாரமானது

அடுத்த ஞாயிறு திரேசா அன்ரி பியர்பொன்ட்ஸில் இருந்து பஸ் மாறி மாறித் தனியே வந்தா. பிலோ வைத்த றோல்ஸை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துத் தின்றா. ஜெசியைத் தேத்தண்ணி போட அனுப்பினா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"தூண்டிலுக்குக் குதிரை இருக்கோ, தம்பி?"

நான், ஓம், அது உள்ளுக்குள் இருக்கும், சின்னன் என்று ஏதோ உளறினேன்.

"என்ர அப்பு மன்னாரில வேட்டைத் துவக்கு வைச்சிருந்தவர். குதிரை எண்டா என்னெண்டு எனக்குத் தெரியாதே? தங்கச்சி வந்து சொன்ன உடனேயே எனக்கு விளங்கிட்டுது. அவவுக்குத் துவக்கெண்டு சொன்னா ஊரெல்லாம் போயிடும். இறைச்சி எண்டே இருக்கட்டும் எண்டு விட்டன். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன், சொல்லேல்லை."

பிலோ யன்னலைப் பார்த்தாள்.  எல்லாம் முடிந்தது, ஜெசிக்கு இனி எப்படி முகம் கொடுப்பேன் என்றுதான் நினைத்தேன். ராசனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் வாயை இறுக்கினேன். அன்ரி அதற்கும் இடம் வைக்கவில்லை.

"பட்மின்ரனுக்குப் போறவன், ரக்கெற்றை வீட்டில விட்டிட்டெல்லோ போறான். வந்து கழட்டிப் போடுற சேட்டில வெடி மணம். எனக்குத் தெரியாத மணமே அது? கேட்டா அவன் சொல்லியிடுவான். சொன்னா நான் மறிப்பன், மறிச்சா விட்டிடுவான். ஆசையா ஒண்டு செய்யிறான், விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அதுதான் கேக்கேல்லை." தட்டில் இருந்து இன்னொரு றோல்ஸ் எடுத்தா. "நீங்களும் அவனும் எனக்குச் சொன்னது ஒரே பொய். எனக்கு நோகக்கூடாதெண்டு சொன்ன பொய். அப்ப ஒரே வீட்டுக்குச் சரிதானே. தைக்குப் பிறகு நாள் பாப்பம்."

ஜெசி தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. பல நாளுக்குப் பிறகு "அண்ணை, சீனி போடட்டோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். இரண்டு கரண்டி போடச் சொன்னேன்.

போகும்போது அன்ரியைப் பஸ் தரிப்பிடம் வரை கூட்டிக்கொண்டு போனேன். பஸ் வருகிறது தெரிந்ததும் என் கையைப் பிடித்தா. "தம்பி, அவன் உங்களிட்டத்தானே வருவான். எல்லாரும் பாரம் குறைஞ்சதெல்லோ கேப்பினம். என்ர பிள்ளைக்கு, உங்களிட்ட இருக்கிறதிலேயே பாரமான குதிரையாப் பாத்துக் குடுங்கோ."

என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு என்னிடம் குதிரை கேட்ட ஒரே ஆள் அவதான், அவவும் கடைப் பக்கமே வரவில்லை.